பாட்டுக்காரர் இன்று எங்கே?

வங்காளத்தில் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடுகிறவர்களுக்கென்று ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. எண்ணிக்கையில் சினிமாப் பாட்டு ரசிகர்களுக்கு இவர்கள் உறைபோடக் காணாது. ஆனால் சேதி சொல்வதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. அடுத்த நிகழ்ச்சி எந்த ஊரில், எத்தனை மணிக்கு, டிக்கெட் உண்டா, கூட யார் வாசிக்கிறார்கள், திரும்பி வரக் கடைசி ரயில் எது என்பதுதான் இவர்களின் அன்றாடப் பேச்சு. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் இன்னொரு பேச்சு தொடங்கும்: என்ன பாடினார், எதை விட்டுவிட்டார், எந்தப் புதுப் பாட்டை முதன்முறையாக எடுத்தார், எந்த அடியை மாற்றிப் பாடினார். பாவுல் துறவிகள் முதல் கபீர் சுமன் வரை, பிரதுல் முகோபாத்யாய் முதல் காளிகா பிரசாத் பட்டாச்சார்யா வரை, எந்தப் பாடகரைச் சுற்றிய கூட்டமானாலும் இந்தப் பழக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தச் சேதிகள் கூடிப் பிரியும் இடமாக ஹவுரா இருப்பது தற்செயல் அல்ல. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், கொல்கத்தாவுக்கு நேர் எதிரே இருக்கும் இந்த ஊரிலிருந்துதான் 1854 ஆகஸ்ட் 15 அன்று கிழக்கிந்தியாவின் முதல் பயணி ரயில் ஹூக்ளி என்ற ஊருக்குப் புறப்பட்டது. பாவுல் பாடகர்களின் தாயகமான பீர்பூம் மாவட்டத்துக்குப் போகிறவர்கள் இன்றும் பெரும்பாலும் இங்கேதான் வண்டி ஏறுகிறார்கள். ஊருக்குள் வந்தால் சணல் ஆலைகள், பட்டறைகள், அவற்றைச் சுற்றி நெருக்கியடித்த தெருக்கள். ஒவ்வொரு பாடாவிலும், அதாவது பேட்டையிலும், ஒரு கிளப் இருக்கும். துர்கா பூஜை நடத்தும் அதே கிளப்தான் குளிர்காலத்தில் பாட்டுக் கச்சேரியும் வைக்கும். ஹவுரா மைதானத்தை ஒட்டி சரத் சதன் அரங்கம் இருக்கிறது. நாவலாசிரியர் சரத்சந்திரரின் பெயரைத் தாங்கியது. 2024 மார்ச்சில் ஆற்றுக்கடியில் மெட்ரோ ரயில் ஹவுரா மைதானம் வரை வந்துவிட்டதால், அக்கரை ரசிகர்களுக்கு இக்கரை அரங்கு நடந்துபோகும் தூரம்போல ஆகிவிட்டது.

சினிமாப் பாட்டுக்கு இல்லாத அவசரம் இந்தப் பாட்டுக்கு ஏன் வந்தது? பாவுல் மரபைப் பார்த்தால் காரணம் விளங்கும். பாவுல் பாட்டு ஏட்டில் கிடப்பது அல்ல. குரு வழியாகச் சீடனுக்கு வந்து, பாடுகிறவரின் மனநிலைக்கும் கேட்கிறவரின் பக்குவத்துக்கும் தக்கபடி நீண்டும் சுருங்கியும் போவது. கடைசிக் கண்ணியில் எழுதியவரின் பெயர் முத்திரையாக வரும். லாலன் ஃபகீர், பவா பாக்லா என்று அந்த முத்திரையைக் கேட்டுத்தான் பாட்டு யாருடையது என்று அறிவார்கள். சில இரவுகளில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் பாட்டிலேயே தத்துவக் கேள்வி கேட்பார். மற்றவர் அதற்குப் பொருந்தும் பாட்டை நினைவிலிருந்து எடுத்து விடை சொல்ல வேண்டும். பாலா கான் என்று அதற்குப் பெயர். நம்மூர் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கம் இருந்து பாடுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்த இரவின் கேள்வியும் விடையும் அந்த இரவோடு சரி. போகாதவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. ஆகவே, போகவேண்டிய நாளைத் தவறவிடாமல் தெரிந்துகொள்வதே ரசிகரின் முதல் கடமை ஆயிற்று.

பஞ்சாங்கம் சொன்ன சேதி

அச்சில் வந்த முதல் நிகழ்ச்சிப் பட்டியல் பஞ்சாங்கம்தான் என்று சொன்னால் மிகையில்லை. வங்காளிகள் பஞ்சிகா என்று அழைக்கும் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் திதி, நட்சத்திரம், முகூர்த்தத்தோடு மேளாக்களின் நாள்களும் இருக்கும். 1869 முதல் வெளிவரும் குப்தா பிரஸ் பஞ்சிகா இவற்றில் புகழ்பெற்றது. பாவுல்களும் ஃபகீர்களும் கூடும் இடங்கள் திதியையோ மாதத் தேதியையோ ஒட்டியே அமைந்தவை. பௌஷ மாதக் கடைசி நாளில் அஜய் நதிக்கரையில் கேந்துலி. பௌஷம் 7ஆம் நாள் சாந்திநிகேதன். பால்குன மாதப் பௌர்ணமியில், ஹோலியை வங்காளிகள் தோல் என்று கொண்டாடும் நாளில், நதியா மாவட்டத்து கோஷ்பாடா. அதே பௌர்ணமியில் எல்லைக்கு அப்பால் குஷ்டியாவில் லாலனின் சமாதி. யார் எந்த மேளாவுக்கு வருவார் என்பதைப் பஞ்சிகா சொல்லாது. அதை ரசிகர்கள் சொன்னார்கள்.

கேந்துலி இவற்றில் தலையாயது. கீதகோவிந்தம் பாடிய ஜெயதேவரின் ஊர் இதுதான் என்பது வங்காளிகளின் உறுதியான நம்பிக்கை, ஒடிசாக்காரர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். விடியலில் அஜய் நதியில் நீராடல், பிறகு ஆக்ராக்களில் பாட்டு. ஆக்ரா என்பது ஒரு குருவையோ சமூகத்தையோ சார்ந்த பந்தல். சோறும் அங்கேயே, படுக்கையும் அங்கேயே. விடிய விடியப் பத்து இடங்களில் ஒரே நேரத்தில் பாட்டு நடந்தால், எந்த ஆக்ராவில் யார் உட்காரப்போகிறார் என்ற சேதிக்குத் தனி மதிப்பு வந்துவிடும். ஒரு காலத்தில் அஞ்சலட்டையிலும் வாய்மொழியிலும் இது பரவியது. மரத்தடியில் பாடும் முதியவரைப் பற்றி யாரோ ஒருவர் தேநீர்க் கடையில் சொல்ல, அரை மணியில் அங்கே கூட்டம் சேர்ந்துவிடும்.

ரயில் வண்டியும் ஒரு தகவல் நிலையம்தான். ஹவுராவிலிருந்து பர்தமான் வழியாக போல்பூர் சுமார் 150 கி.மீ. இந்தத் தடத்தில் ஒற்றைத் தந்தி ஏகதாராவும் டுப்கி என்ற கைப்பறையுமாக ஏறிப் பாடுகிற பாவுல்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். அலுவலகம் போய்வருகிறவர்களில் சிலர் பாடகரின் முகம் பார்த்ததுமே இன்ன பாட்டு வேண்டும் என்று கேட்பார்கள். அடுத்த வாரம் எந்த ஆசிரமத்தில் மகோத்சவம் என்று பாடகரே சொல்லிவிட்டு இறங்குவதும் உண்டு. சில்லறைக்காகப் பாடுவது என்று இதை ஒதுக்கும் தூயவாதிகள் இருக்கிறார்கள். நகரத்து ரசிகர் பலருக்கு பாவுல் பாட்டு முதலில் காதில் விழுந்தது அந்தப் பெட்டிகளில்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இந்த வட்டத்திலிருந்து உலகத்துக்குப் போனவர் பூர்ண தாஸ் பாவுல். ரவீந்திரநாத் தாகூரோடு பழகிய நபனி தாஸ் பாவுலின் மகன், 1933இல் பிறந்தவர். 1967இல் அமெரிக்கா போனார். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த பாப் டிலனின் ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’ இசைத்தட்டின் உறையில் டிலனுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் பூர்ண தாஸும் அவர் தம்பி லட்சுமண் தாஸும். கொல்கத்தா ரசிகர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் படத்தைக் காட்டிப் பெருமைப்படுகிறார்கள். 2005இல் யுனெஸ்கோ பாவுல் பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தபோது, உலகம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது என்றுதான் அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

டிலன் என்றதும் அவருடைய ரசிகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1969இல் அமெரிக்காவில் பெயர் அச்சிடாத வெள்ளை உறையில் ‘கிரேட் ஒயிட் வொண்டர்’ என்ற இசைத்தட்டு திருட்டுத்தனமாக வந்தது. டிலன் வெளியிடாமல் வைத்திருந்த பதிவுகள் அதில் இருந்தன. அதிலிருந்து வளர்ந்த ரசிகர் கூட்டம், 1988 ஜூன் 7 அன்று தொடங்கி ஓயாமல் நீண்ட அவருடைய பயணத்தின் ஒவ்வொரு மேடைக்கும் பாடல் வரிசையைக் குறித்து வைத்திருக்கிறது. எந்த ஊர், எந்தத் தேதி, முதல் பாட்டு எது, கடைசிப் பாட்டு எது என்பது வரை. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் ராக் குழு 1984இல் ஒலிப்பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. இந்தியாவில் ஷில்லாங்கின் பாடகர் லூ மஜாவ் 1972 முதல் ஒவ்வொரு மே 24 அன்றும் டிலனின் பிறந்தநாளுக்குப் பாட்டு நிகழ்ச்சி நடத்தி வருகிறார். ஆனால் மேடைக்குப் பின் எழுதி வைக்கும் அந்த அமெரிக்கப் பழக்கம் வங்காளத்தில் ஏனோ வேரூன்றவில்லை. வங்காள ரசிகர் ஆள் திரட்டுவதில் கெட்டிக்காரர்; கணக்கு எழுதுவதில் சோம்பேறி.

கருவி இல்லாத பாடகர்

கேசட்டோ விளம்பரமோ இல்லாமல், ரசிகர்களின் வாயும் காதுமே ஒரு பாடகரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு பிரதுல் முகோபாத்யாய் சான்று. 1942 ஜூன் 25 அன்று பரிசாலில் பிறந்தவர். தேசப் பிரிவினைக்குப் பின் குடும்பம் ஹூக்ளி மாவட்டத்துச் சுசுடாவில் குடியேறியது. ஹவுராவிலிருந்து பாண்டேல் போகும் உள்ளூர் ரயில் தடத்தில் உள்ள ஊர் அது. பன்னிரண்டு வயதில் ஒரு கவிதைக்கு மெட்டுப் போட்டார். முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது. மேடையில் ஆர்மோனியம் இல்லை, தபலா இல்லை, கிட்டார் இல்லை. கைத்தட்டல், விரல் சொடுக்கு, முகபாவம், உடலசைவு, மெலிந்த ஆனால் ஊடுருவும் குரல். இவ்வளவுதான் அவருடைய பக்கவாத்தியம்.

1960களின் கடைசியிலும் 1970களிலும் அரசியல் கொந்தளித்த வங்கத்தில் அவருடைய பாட்டுகள் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் பரவின. கேட்டவர் மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த ஊரில் பாடினார். எழுதியவர் யாரென்று தெரியாமலே பாடியவர்கள் ஏராளம். கருவி தேவையில்லாத பாட்டுக்கு இதில் ஒரு வசதி: ஆலை வாசலிலும் பாடலாம், கல்லூரிப் படிக்கட்டிலும் பாடலாம், போலீஸ் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட எதுவும் இல்லை. 1980களின் பிற்பகுதியில்தான் அவர் குரல் கேசட்டில் ஏறியது. 1990களில் எழுதிய ‘ஆமி பாங்லாய் கான் காய்’ அவரை எல்லாரும் அறிந்த பெயராக்கியது. வங்கதேசத்தில் மஹ்முதுஸ்ஸமான் பாபு அதைப் பாட, அங்கே பலர் அதைத் தங்கள் நாட்டுப் பாட்டென்றே எடுத்துக்கொண்டார்கள். 2006இல் பிபிசி வங்காள சேவை நேயர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் தலைசிறந்த இருபது வங்காளப் பாடல்களுள் அதுவும் ஒன்று.

புகழ் வந்த பிறகும் அவருடைய நிகழ்ச்சிகள் பற்றிய சேதி பழைய வழியிலேயே போயிற்று. சிற்றிதழ்க்காரர்கள், நாடகக் குழுக்கள், தொழிற்சங்கத்தார் ஆகியோரே அவருடைய தூதர்கள். கொல்கத்தா புத்தகக் காட்சியில் சிற்றிதழ் மேசைகளுக்கு நடுவே அவர் நின்று பாடத் தொடங்கினால் மைக் தேவைப்படாது. சுற்றி நிற்பவர்கள் தாமாகவே வட்டம் போட்டு வாய்பொத்துவார்கள். 2025 பிப்ரவரி 15 அன்று கொல்கத்தாவில் காலமானார். அவர் பாடிய மேடைகளில் பெரும்பகுதி கேட்டவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் பாவலர் வரதராஜன் நினைவுக்கு வருவார். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக மலைத் தோட்டங்களில் பாடியவர். தம்பி இளையராஜா சிறுவனாகக் கூடப் போனவர். தன்னானே கலைக்குழுவோடு கிராமம் கிராமமாகச் சென்ற கே.ஏ. குணசேகரனும் இதே வகை. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த குரல்களில் அவருடையது முக்கியமானது. அவர் எந்தெந்த ஊரில், எந்த நாளில் பாடினார் என்று கேட்டால் ஒரு பட்டியல் தர இன்று யாராலும் முடியாது.

கேசட்டும் சீட்டும்

1992இல் எச்.எம்.வி. வெளியிட்ட ‘தொமாகே சாய்’ கேசட்டோடு காலம் மாறியது. சுமன் சட்டோபாத்யாய்க்கு அப்போது வயது 43. ஜெர்மனியின் டாய்ச்சே வெல்லே, அமெரிக்காவின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலிகளில் வேலை பார்த்துத் திரும்பியவர். அமெரிக்காவில் இருந்தபோது நாட்டுப்பாடகர் பீட் சீகரோடு பழக்கம். 2000இல் இஸ்லாத்தைத் தழுவி கபீர் சுமன் ஆனார். கொல்கத்தாவின் நடைபாதை, பட்டம், மழை, வேலையில்லாத இளைஞன், காதல், செய்தித்தாள் எல்லாம் அவர் பாட்டுக்குள் வந்தன. இந்த வகைக்கு ஜீபன்முகி கான், வாழ்க்கையை நோக்கிய பாட்டு, என்று ஒரு பெயர் விழுந்தது. நசிகேதா, அஞ்சன் தத் போன்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். இவர்களுக்கு முன்பே 1970களில் கௌதம் சட்டோபாத்யாயின் மொஹீனேர் கோடாகுலி குழு பாவுல் மெட்டையும் மேற்கத்திய இசையையும் கலந்து மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டு, கவனிப்பாரின்றிக் கலைந்திருந்தது. அதைத் தேடிக் கண்டெடுத்ததும் 1990களின் இந்த ரசிகர் கூட்டம்தான்.

சுமனின் நிகழ்ச்சி ஏகக், அதாவது தனியாள் கச்சேரி. கிட்டாரும் கீபோர்டும் மவுத் ஆர்கனும் அவரே. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நீளமான பேச்சு. அரசாங்கத்தைத் திட்டுவார், பழைய பாடகர்களைக் கொண்டாடுவார், கூட்டத்தில் பேசுகிறவனைக் கடிந்துகொள்வார். அந்த வாரம் எழுதிய பாட்டை அந்த வாரமே பாடுவார். கேசட் ஆண்டுக்கு ஒன்றுதான் வரும். மேடையில் மாதந்தோறும் புதிது கிடைக்கும். ஆகவே கேசட் வாங்கியதோடு ரசிகரின் வேலை முடியவில்லை. ஆனந்தபஜார் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தில், நாடக அறிவிப்புகளுக்கு இடையே, சின்னக் கட்டத்தில் வரும் அறிவிப்பைத் தேடுவார்கள். ரவீந்திர சதன், கலாமந்திர், மகாஜாதி சதன் என்று அரங்கின் பெயரும் நேரமும் இருக்கும். ஒருவர் பார்த்தால் பத்துப் பேருக்குச் சொல்வார்; ஒருவர் வரிசையில் நின்று பத்து டிக்கெட் எடுப்பார்.

வங்காளக் கச்சேரிகளில் சீட்டு அனுப்பும் வழக்கம் பழையது. ஆகாஷவாணி கொல்கத்தாவின் ‘அனுரோதேர் ஆசர்’ என்ற நேயர் விருப்ப நிகழ்ச்சி பழக்கியது அது. காகிதத் துண்டில் பாட்டின் பெயரை எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். சுமன் போன்றவர்களின் நிகழ்ச்சியில் அந்தச் சீட்டு ரசிகரின் தகுதியையும் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாரும் அறிந்த பாட்டைக் கேட்கிறவர் புதியவர். கேசட்டில் வராத பாட்டைப் பெயர் சொல்லிக் கேட்கிறவர், போன மேடைக்கும் வந்தவர்.

ஹவுரா மாவட்டம் இந்தக் கதைக்குள் நேரடியாக நுழைவது 1993 இறுதியில். உலுபேரியாவுக்கு அருகே ஃபுலேஷ்வரில் உள்ள கனோரியா சணல் ஆலையின் தொழிலாளர்கள், மூடிக்கிடந்த ஆலையைத் தாங்களே கைப்பற்றினார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிச் சங்கங்களை விட்டு விலகி நடந்த போராட்டம் அது. ஆளும் இடது முன்னணிக்கு அது பிடிக்கவில்லை. சுற்றுவட்டாரக் கிராமத்து விவசாயிகள் காய்கறி கொடுக்க, பொதுச் சமையல் நடந்தது. கொல்கத்தாவிலிருந்து மாணவர்களும் எழுத்தாளர்களும் தென்கிழக்கு ரயில்வேயின் உள்ளூர் வண்டியில் போய் வந்தார்கள். சுமன் தொழிலாளர்களுக்காகப் பாடினார்; நிதி திரட்டிக் கொடுத்தார். அந்த நாள்களில் ‘சுமன் எங்கே பாடுகிறார்’ என்ற சேதி, ‘ஆலையில் இன்று என்ன நடந்தது’ என்ற சேதியோடு சேர்ந்தே பயணம் செய்தது. ரசிகர் வலைக்கும் ஆதரவாளர் வலைக்கும் வித்தியாசம் மங்கிப்போயிற்று. சுமனுக்கும் ஆளுங்கட்சிக்கும் இருந்த உறவு கசந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பின்னாளில் நிலம் எடுப்பதை எதிர்த்த சிங்கூர், நந்திகிராம் போராட்டங்களிலும் அவர் பாடினார். 2009இல் திரிணமூல் காங்கிரஸ் சார்பில் ஜாதவ்பூர் நாடாளுமன்ற உறுப்பினரானார். அரசியலில் அவர் எடுத்த நிலைகளால் ரசிகர்களில் ஒரு பகுதி விலகியது. பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை விட்டவர்களும் உண்டு, இரண்டையும் விட்டவர்களும் உண்டு.

மைக்கிங், பத்து மணி, கடைசி வண்டி

அரங்கக் கச்சேரிக்குச் செய்தித்தாள். பேட்டைக் கச்சேரிக்கு மைக்கிங். இரண்டு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷா தெருத் தெருவாகப் போகும்; இப்போது அந்த இடத்தில் டோட்டோ எனப்படும் பேட்டரி ரிக்‌ஷா. ஹவுராவின் ஷிப்பூர், ராம்கிருஷ்ணபூர், சல்கியா போன்ற பகுதிகளில் காளி பூஜை கழிந்ததும் இந்தச் சத்தம் ஆரம்பமாகிவிடும். கிளப்பின் ஆண்டு விழா, ரத்ததான முகாம், கல்லூரி விழா, எல்லாவற்றுக்கும் ஒரு பாடகர் வேண்டும். இந்த நிகழ்ச்சிகளை ஜல்சா என்பார்கள். ‘ஃபங்ஷன்’ என்றும் சொல்வார்கள். பழைய ஜல்சாக்கள் விடியும்வரை நடந்தவை. பெரிய பாடகர் நள்ளிரவுக்குப் பிறகுதான் மேடை ஏறுவார்.

அந்தக் காலம் போய்விட்டது. ஒலிபெருக்கித் தொல்லைக்கு எதிராக 1996இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு அளித்தது. 2000இல் மத்திய அரசின் ஒலிமாசு விதிகள் திறந்தவெளி ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி எல்லையை நாடு முழுக்க விதித்தன. மாத்யமிக் எனப்படும் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் அதுவும் இல்லை. இதனால் மூன்று மாதத்துக்குள் எல்லா நிகழ்ச்சிகளும் நெருக்கிக்கொண்டன. ஒரே சனிக்கிழமையில் நான்கு இடம். யார் எத்தனை மணிக்கு எந்த மேடையில் ஏறுவார் என்ற சேதி முன்னைவிட முக்கியமாயிற்று. ஏழு மணி என்று போட்டால் எட்டரை என்று அர்த்தம் என்பதையும் அனுபவசாலிகள் சேர்த்தே சொல்வார்கள். பெண் ரசிகர்களுக்கு இந்தப் பத்து மணி விதி நன்மையாகவே அமைந்தது. விடிய விடிய நடந்த ஜல்சாவுக்கு வர முடியாதவர்கள், கடைசி உள்ளூர் ரயிலைப் பிடிக்கும் நேரத்துக்குள் பாட்டு முடிவதால் வரத் தொடங்கினார்கள். தூய ரசிகர்கள் வருந்துவார்கள். ஆனால் கூட்டம் விரிந்தது இப்படித்தான்.

நாட்டுப்புறப் பாட்டை இந்த நகர மேடைகளில் மறுபடி நிலைநிறுத்தியவர் காளிகா பிரசாத் பட்டாச்சார்யா. அஸ்ஸாமின் சில்சாரில் 1970இல் பிறந்தவர்; ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியம் படித்தவர். 1999இல் தோஹார் குழுவைத் தொடங்கினார். சில்ஹெட், பராக் சமவெளிப் பாட்டுகளை நாட்டுக் கருவிகளோடு பாடி, ஒவ்வொரு பாட்டுக்கும் அது யாருடையது, எந்த ஊரது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். தொலைக்காட்சிப் போட்டிகள் வழியாக இந்தப் பழக்கம் பாட்டுப் போட்டியாளர்களிடமும் பரவியது. 2017 மார்ச் 7 அன்று பீர்பூமின் சியூரியில் ஒரு கல்லூரி நிகழ்ச்சிக்காகக் குழுவோடு போய்க்கொண்டிருந்தபோது, ஹூக்ளி மாவட்டத்து குடாப் அருகே நடந்த கார் விபத்தில் இறந்தார். மாலையில் பாடவேண்டியவர் காலையிலேயே இல்லை என்ற சேதி, நிகழ்ச்சி அறிவிப்புகள் பரவும் அதே வழியாகக் கைப்பேசிகளில் பரவியது.

கைப்பேசி வந்தபின் சேதியின் வேகம் கூடியது, நம்பகத்தன்மை கூடவில்லை. போன ஆண்டுச் சுவரொட்டி இந்த ஆண்டும் சுற்றும். சாந்திநிகேதன் பௌஷ மேளா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1894இல் தொடங்கிய அந்த மேளா, பெருந்தொற்றாலும் பிறகு விஸ்வபாரதி நிர்வாகத்துக்கும் மற்றவர்களுக்கும் நடந்த இழுபறியாலும் 2020 முதல் மூன்று ஆண்டுகள் தன் பழைய மைதானத்தில் நடக்கவில்லை. உண்டா இல்லையா என்று ஒவ்வொரு டிசம்பரிலும் முரண்பட்ட சேதிகள். 2023இல் மைதானத்துக்குத் திரும்பியது. 2022 அக்டோபரில் டாக்காவில் நடந்தது இன்னொன்று. ‘தொமாகே சாய்’ வெளிவந்து முப்பது ஆண்டு நிறைவை ஒட்டி, பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு சுமன் அங்கே பாடச் சென்றார். தேசிய அருங்காட்சியக அரங்கு என்று அறிவித்து டிக்கெட் விற்றபின் காவல் துறை அனுமதி கிடைக்கவில்லை. கடைசி நேரத்தில் வேறு அரங்குக்கு மாறியது. மூன்று மாலைகள், அதில் ஒன்று முழுக்க வங்காள மொழியில் கயால். இடம் மாறிய சேதியை ரசிகர்களே ஒருவருக்கொருவர் கடத்தி நிகழ்ச்சியை நிறைத்தார்கள்.

வரப்போகும் நிகழ்ச்சியைச் சொல்வதில் இந்தக் கூட்டம் இவ்வளவு தேர்ந்தது. முடிந்த நிகழ்ச்சியைக் காப்பதில்தான் குறை. இன்று ஒவ்வொரு மேடையையும் ஐம்பது கைப்பேசிகள் படம் பிடிக்கின்றன. பெரும்பாலானவற்றில் தேதி இருக்காது, ஊர் இருக்காது, தோலக் வாசித்தவர் பெயர் இருக்காது, எழுதியவர் பெயர்கூடச் சில சமயம் தவறாக இருக்கும். முத்திரைக் கண்ணி வருமுன்பே பதிவு அறுந்துபோகும். பாவுல் மரபில் எழுதியவரை அறிய இருக்கும் ஒரே அடையாளம் அந்தக் கண்ணிதான்.

இதைச் சரியாகச் செய்து காட்டியவர்களும் உண்டு. பாடகியும் பாட்டெழுதுகிறவருமான மௌசுமி பௌமிக், ஒலிப்பதிவாளர் சுகாந்த மஜும்தார் இருவரும் 2000களின் தொடக்கத்திலிருந்து இரு வங்காளங்களிலும் அலைந்து ‘டிராவலிங் ஆர்க்கைவ்’ என்ற ஒலிச் சேகரத்தை உருவாக்கியிருக்கிறார்கள். பாடியவர், இடம், நாள், சூழல் எல்லாம் பதிவோடு சேர்ந்தே இருக்கும். 1930களில் டச்சு ஆய்வாளர் ஆர்னால்ட் பாக்கே வங்கத்தில் மெழுகு உருளைகளில் பதிந்த குரல்களையும் தேடி எடுத்து, அந்தந்த ஊர்க்காரர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். பாக்கே குறிப்பு எழுதி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. ரசிகர்கள் செய்யவேண்டியதும் அதிகமில்லை. பதிவின் தொடக்கத்தில் தேதியையும் ஊரையும் பாடகர் பெயரையும் வாயால் சொல்லிவிட்டால் போதும். பாட்டு முடியும்வரை நிறுத்தாமல் இருந்தால் இன்னும் நல்லது.

நேரில் கேட்க விரும்பும் தமிழ் வாசகருக்கு: கேந்துலி மேளா நமது பொங்கலை ஒட்டி வருகிறது. சென்னையிலிருந்து ஹவுரா மெயில் நேரே ஹவுரா போகும். கோரமண்டல் இப்போது ஷாலிமாரில் நின்றுவிடுகிறது, அதுவும் ஹவுரா நகருக்குள்தான். ஹவுராவிலிருந்து காலையில் சாந்திநிகேதன் எக்ஸ்பிரஸில் போல்பூர் இறங்கினால் அங்கிருந்து சாலை வழியாகக் கேந்துலி சுமார் 30 கி.மீ. தங்குமிடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நதிக்கரையில் ஜனவரிக் குளிர் கடுமை, கம்பளி கட்டாயம். எந்த ஆக்ராவில் யார் பாடுகிறார் என்பதை அங்கே போய் ஒரு தேநீர்க் கடையில் விசாரித்துக்கொள்ளலாம்.